பலெர்மோ சந்தையில் ஒரு தமிழ்க் குரல்
(நம் குடியிருப்பு மூத்தோர் கூட்டத்தில் பேசியது)



முப்பத்தாறு வருஷம் வங்கிக் கவுண்டரில் அடுத்தவர் பணத்தை எண்ணியவன் நான். போன வருஷம் ஒரு டெபாசிட் முதிர்ந்தபோது, "இதை மறுபடி போடாதீங்க, எங்கயாவது போவோம்" என்றாள் மனைவி. ஒரு குழுவோடு இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனோம்.

மத்தியதரைக் கடலில் பெரிய தீவு அதுதான். கிரேக்கர், ரோமர், அரபியர், நார்மன்கள் எல்லாரும் ஆண்டிருக்கிறார்கள். தலைநகர் பலெர்மோவின் அரண்மனைக்குள் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் மன்னர் கட்டிய சிறு தேவாலயம் இருக்கிறது. சுவரெல்லாம் கிரேக்க பாணியில் பொன் பதித்த படங்கள். கூரையோ அரபு பாணி மரவேலை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்! நம்ம அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலிய மண்பாண்ட ஓடுகள் ஞாபகம் வந்தது. அந்தக் கடலுக்கும் நமக்கும் பழைய கணக்கு உண்டு.

சாப்பாடுதான் பிரச்சினை. அவள் சுத்த சைவம், சர்க்கரை வேறு. மூன்று நாள் ரொட்டியும் பழமும்தான். மூன்றாம் நாள் மதியம் பல்லாரோ சந்தையில் தலைசுற்றி ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. குழு முன்னால் போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து, "அண்ணை, நீங்கள் இந்தியாவோ? அக்கா சாப்பிட்டவவோ?" என்று ஒரு குரல்.

யாழ்ப்பாணத்துப் பெண். பலெர்மோவில் ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. தண்ணீர் கொடுத்து, எதிர்க்கடையில் பனெல்லே வாங்கி வந்தாள். "கடலைமாவுதான் அக்கா, பயப்படாமச் சாப்பிடுங்கோ." மாவைக் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்து, எள் தூவிய பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். நம் பஜ்ஜிக்குத் தூரத்து உறவு. மனைவி இரண்டு சாப்பிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது காப்பாற்றியவர் என்று நம்புகிறார்கள். பெல்லெக்ரினோ மலைக் குகையில் அவருக்குக் கோயில். இந்துத் தமிழர்களும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்களாம். நம் வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு எல்லாரும் போகிற மாதிரி என்று மனைவி சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. 2009இல் காணாமல் போன தம்பிக்காக வருஷம் தவறாமல் மலை ஏறுகிறாளாம். "அங்கையும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கோ அக்கா."

திரும்பி வந்த வார சனிக்கிழமையே போனோம். நல்ல மழை. நாலு தீக்குச்சி வீணானது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அரை மணியில் அவள் குரல் வந்தது: "அங்கை மழையோ அக்கா? சத்தம் கேட்குமோ, ஒருக்கா பதிஞ்சு அனுப்புங்கோவன்."

குடையை மடக்கி வைத்துவிட்டு, மனைவி போனை மழைக்கு நேராகப் பிடித்தாள்.