நிலத்தைக் கற்பித்த பேராசிரியர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் புலவர்களைப் போற்றுவதும் கலைஞர்களைப் பாராட்டுவதும் நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு, நமக்குச் சோறும் நிழலும் தந்துவரும் இவ்வங்க நாட்டின் ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அவர் பேராசிரியர் சிவப்பிரசாத் சட்டர்ஜி. 1903-ஆம் ஆண்டில் பிறந்து 1989-இல் மறைந்தவர். நாம் பள்ளியில் பூகோளம் என்று படித்த புவியியலே அவர் வாழ்க்கைத் தொண்டு.

பேராசிரியரின் பெயரை அறியாத நம் குழந்தைகளும் அவர் தந்த சொல் ஒன்றை அறிவர். மேகாலயம் என்னும் மாநிலத்தின் பெயரே அது. காரோ, காசி, ஜயந்தியா என்னும் மலைகள் சேர்ந்த பீடபூமியை ஆராய்ந்து, 1936-இல் பாரிஸ் நகரத்தில் பிரெஞ்சு மொழியில் ஆய்வு நூல் ஒன்றை அவர் வெளியிட்டார். அப்பீடபூமிக்கு மேகங்களின் இருப்பிடம் என்று பொருள்படும் மேகாலயம் என்ற பெயரை அந்நூலில் வழங்கினார். 1970-இல் தன்னாட்சி பெற்ற அம்மலைநாடு, 1972 ஜனவரி 21-ஆம் நாள் முழு மாநிலமாயிற்று. அரசு அதற்குச் சூட்டிய பெயர் இந்த ஆசிரியர் இட்ட பெயரே.

அழகு கருதி மட்டும் இட்ட பெயரன்று அது. வங்கக் கடலிலிருந்து நீராவி சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, சமவெளியைக் கடந்ததும் செங்குத்தாக நிற்கும் அம்மலையில் மோதி மேலெழுகின்றது, குளிர்கின்றது, மழையாய்க் கொட்டுகின்றது. தென்சரிவிலுள்ள மௌசின்ரமும் சிரபுஞ்சியும் சராசரியாக ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுகின்றன. நம் சென்னை பெறுவது ஏறத்தாழ 1,400 மட்டுமே. ஆனால் அதே பீடபூமியில், அம்முகட்டைத் தாண்டிச் சிறிது வடக்கே அமைந்த ஷில்லாங் நகரில், சிரபுஞ்சி மழையில் ஐந்தில் ஒரு பங்களவே பெய்கின்றது. மலைகளின் பெயரையும் உயரத்தையும் மனப்பாடம் செய்தவனுக்கு இவ்வேறுபாடு விளங்காது. காற்றும் மலையும் மழையும் மக்கள் வாழ்வும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காண்பவனுக்கே விளங்கும். அவ்வாறு காணக் கற்பிப்பதே புவியியல் ஆசிரியரின் பணி.

தமிழராகிய நமக்கு இக்கருத்துப் புதிதன்று. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, அந்தந்த நிலத்தின் பொழுதையும் தொழிலையும் உணவையும் அதனோடு சேர்த்துக் கண்ட மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம் சட்டர்ஜி போன்றோரின் உழைப்பைப் பிறரினும் விரைவில் உணரக்கூடியவர்கள் அல்லமோ?

கல்கத்தாவில் 1933-இல் புவியியல் சங்கம் தோன்றியதில் அவர் பங்கு பெரிது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புவியியல் முதுகலை வகுப்பு 1941-இல் தொடங்கிற்று. அத்துறையைத் தலைமை தாங்கி வளர்த்தவரும் அவரே. அந்நாளில் தேசப்படம் என்றால் எல்லைக்கோடும் ஆறும் ஊரும் குறித்த தாள் என்றே பலர் எண்ணினர். அதே தாளில் மக்கள் தொகை, பயிர், மழை, மண், தொழிற்சாலை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் நாட்டின் நோயும் நலமும் தெரியும் என்பது அவர் கொள்கை. அவர் 1949-இல் வெளியிட்ட நூல் வங்காளத்தைப் படங்களாலேயே விளக்குவது.

அவ்வொப்பீட்டின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் கூறுவோம். சணல் பயிரிடும் நிலங்களை ஒரு படத்திலும், சணல் ஆலைகளை மற்றொரு படத்திலும் குறித்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஆலைகள் யாவும் ஹூக்ளி ஆற்றின் கரைகளில் நெருங்கி நிற்கும். பயிரோ, பெரும்பகுதி கிழக்கு வங்காளத்தில் விரிந்து கிடக்கும். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கோடு கிழித்தால் என்னாகும்? ஆலை ஒரு நாட்டிலும் அதன் மூலப்பொருள் வேறொரு நாட்டிலும் இருக்கும். 1947-இல் நிகழ்ந்தது அதுவே.

அவ்வாண்டு எல்லை வகுக்க நியமிக்கப்பெற்ற சர் சிரில் ராட்கிளிஃப், இந்தியாவிற்கு அதற்கு முன் வந்தறியாத வழக்கறிஞர். ஜூலை 8-ஆம் நாள் வந்து சேர்ந்தார். எல்லைத் தீர்ப்பு ஆகஸ்டு 17-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐந்து வாரங்களில் வங்காளமும் பஞ்சாபும் பிளக்கப்பட்டன. வங்கப் பிரிவினையைப் புவியியல் நோக்கில் ஆராயும் நூலொன்றைப் பேராசிரியர் சட்டர்ஜி அவ்வாண்டிலேயே எழுதினார். நிலத்தை அறிந்தோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர்கள் அறிவுக்குச் செவி சாய்க்கப் பொழுதுதான் இல்லை.

இரயில்வே ஊழியராகிய நாம் அக்கோட்டின் வடுவை நன்கு அறிவோம். கல்கத்தாவிலிருந்து சிலிகுரிக்கும் அஸ்ஸாமுக்கும் சென்ற பழைய பாதை கிழக்கு வங்காளத்தின் ஊடே சென்றது. பிரிவினையால் அப்பாதை அயல்நாட்டிற்குரியதாயிற்று. அஸ்ஸாம் நம் இருப்புப்பாதைகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. கிஷன்கஞ்சிலிருந்து ஃபகிராகிராம் வரை, தீஸ்தா முதலிய காட்டாறுகளுக்குப் பாலம் கட்டி, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளத்திற்கு இணைப்புப் பாதை அமைத்தார்கள். 1950 ஜனவரியில் அதில் வண்டிகள் ஓடத் தொடங்கின. மேசைமீது கோடு கிழிப்பது எளிது. அக்கோட்டிற்கு ஈடுசெய்ய மண் சுமந்தவர்களும் பாலம் கட்டியவர்களும் ஆயிரக்கணக்கானவர்கள். வீடிழந்து வந்தவர்களோ இலட்சக்கணக்கானவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம் காலனியிலும் அடுத்த வீட்டுக்காரர்களாக வாழ்கின்றனர்.

விடுதலை பெற்ற நாட்டிற்குத் தன்னைத் தானே அறிந்துகொள்ளும் கருவி வேண்டும் என்னும் எண்ணம் 1956-இல் நிறைவேறிற்று. தேசிய நிலப்பட நிறுவனம் கல்கத்தாவில் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் சட்டர்ஜி. மறு ஆண்டே இந்திய தேசிய நிலப்பட ஏட்டின் முதற்பதிப்பு இந்தியில் வெளிவந்தது. அந்நிறுவனம் தொடர்ந்து உழைத்து, பின்னர் எட்டுத் தொகுதிகளாக, 300 படங்கள் கொண்ட பேரேட்டை ஆங்கிலத்தில் நிறைவு செய்தது. அப்படங்களுள் பல, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்னும் அளவில் வரையப்பட்டவை. 1978-இல் புதுப் பெயரும் விரிந்த பொறுப்பும் பெற்று, கல்கத்தா உப்பு ஏரி நகரில் அது இன்றும் பணியாற்றுகின்றது. பார்வையற்றோர் விரல்களால் தடவி நாட்டின் வடிவை அறியுமாறு அந்நிறுவனம் உருவாக்கிய பிரெயில் நிலப்பட ஏடு 2017-இல் வெளியிடப்பெற்றது. கண்ணுள்ளோர்க்கு மட்டும் என்று இருந்த ஓர் அறிவைக் கண்ணிலார்க்கும் உரியதாக்கிய அச்செயலை எண்ணி மகிழ்கின்றோம்.

உலகப் புவியியலாளர் ஒன்றியம் 1964 முதல் 1968 வரை சட்டர்ஜியைத் தலைவராகக் கொண்டிருந்தது. 1968-இல் உலகப் புவியியல் மாநாடு புது டில்லியில் கூடிற்று. 1985-இல் நம் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் தெருவும் சந்தும் தோன்றுகின்றன. இனிப் புவியியல் ஆசிரியர் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 1988-இல் நம் நாடு தொலையுணர்வுச் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது உண்மை. அதன் வழிவந்த கோள்கள் நாள்தோறும் நிலத்தைப் படமெடுக்கின்றன. ஆயினும் படத்தில் பசுமையாகத் தோன்றுவது நெல்லா, சணலா என்பதை உறுதி செய்ய ஒருவர் வரப்பில் இறங்கி நடந்தே ஆகவேண்டும். வெள்ளநீர் பரவிய இடத்தைக் கோள் காட்டும். அங்கே எந்தக் குடிசையில் நோயாளி கிடக்கிறார் என்பதைக் காட்டாது. கருவி பெருகப் பெருக, அதைப் பொருளுணர்ந்து படிப்போரின் தேவையும் பெருகுகின்றது.

பெற்றோர்களே, மதிப்பெண் குறைந்தவர்க்கு உரிய பாடம் புவியியல் என்ற எண்ணம் நம் இல்லங்களில் நிலவுகின்றது. அதனை மாற்றிக்கொள்ள வேண்டுகின்றோம். அணை, துறைமுகம், நகரமைப்பு, பயிர்க் காப்பு, வெள்ளத் தடுப்பு ஆகிய அனைத்திற்கும் நிலப்பட அறிவு இன்றியமையாதது. 2022-இல் மத்திய அரசு இத்துறைக்கென்றே ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. பொறியியலும் மருத்துவமும் போலவே இதுவும் பிழைப்பிற்கும் பெருமைக்கும் வழி.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இரண்டு பணிகள் தருகின்றோம். விடுமுறைக்கு ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் பயணத்தில், சுவர்ணரேகை, வைதரணி, பிராமணி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை, பெண்ணை ஆகிய ஆறுகளைக் கடக்கின்றீர்கள். உறங்கும் பொழுது போக மற்றை நேரத்தில் ஒரு தாளில் ஆறுகளையும், அவற்றின் கரையில் கண்ட பயிர்களையும் குறித்து வாருங்கள். அடுத்து, நம் காலனியின் படம் ஒன்றை நீங்களே வரையுங்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடம், குழாயில் நீர் வராத தெரு, விளக்கில்லாத மூலை, தனித்து வாழும் முதியோர் வீடு ஆகிய நான்கையும் அதில் குறியுங்கள். வங்கக் குழந்தைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். அடுத்த ஆண்டு மலரில் அப்படம் இடம்பெறச் சங்கச் செயற்குழு ஆவன செய்யும் என நம்புகின்றோம்.

பிறந்த மண்ணை மறவாதிருத்தல் நம் கடமை. வாழும் மண்ணை அறிந்துகொள்வதும் அதற்கு இணையான கடமையே. அவ்வறிவை வளர்க்க வாழ்நாளெல்லாம் உழைத்த பேராசிரியர் சட்டர்ஜியின் நினைவிற்கு நம் சங்கத்தின் சார்பில் வணக்கம் செலுத்தி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!