எத்தனை மணிக்குத் தீப்பட்டது?

தீக்காய வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். பலத்த தீக்காயத்தோடு ஒருவர் வந்ததும் எங்கள் கண் முதலில் அவர் முகத்துக்குத்தான் போகும். மூக்கு முடி கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா, குரல் கம்மியிருக்கிறதா? அப்படியென்றால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடுவதற்குள் டாக்டர் குழாய் போட்டாக வேண்டும்.

அடுத்து நான் கேட்பது: "எத்தனை மணிக்குத் தீப்பட்டது?"

மகளைக் கொண்டுவந்த பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். "புள்ள துடிச்சிக்கிட்டிருக்கா, மணி கேக்குறியேம்மா!" "அதை வச்சுத்தான் ஐயா டிரிப்ஸ் ஓடணும்" என்றேன்.

ஏன் தெரியுமா? பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். உடம்பு வெளியே உப்பும், உள்ளே ரத்தத்தில் நீர் வற்றும். 60 கிலோ எடை, உடலில் 40 சதவீதம் காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் காயத்தின் அளவையும் வைத்துப் போடும் பார்க்லேண்ட் கணக்குப்படி முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி திரவம். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. 4 மணி நேரம் தாமதமாக வந்தால், மிச்சமுள்ள நான்கிலேயே அதை ஏற்றியாக வேண்டும்.

கணக்கு சரியா என்று சொல்வது சிறுநீர் சேகரிக்கும் பைதான். கட்டிலருகே குனிந்து மணிக்கொரு தடவை அளவுக்கோட்டைப் பார்ப்போம். அந்த 60 கிலோ எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். குறைந்தால் திரவம் போதவில்லை. ரொம்பக் கூடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலில் நீர் கோக்கும். அந்தப் பெரியவரின் மகளுக்கு ராத்திரி முழுக்க பத்து, பன்னிரண்டு என்றுதான் வந்தது. டாக்டரிடம் சொல்லிச் சொல்லி வேகத்தைக் கூட்டினோம். விடியும்போது 35. எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

நேரம் குறைவு, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டு மாற்றுவதற்கு முன்பே வலிக்கு ஊசி. புண் ஆற முட்டை, பருப்பு, பால். கழுத்து வெந்திருந்தால் தலையணை கிடையாது. வைத்தால் தோல் சுருங்கித் தாடை நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும். வீட்டார் பாசத்தில் வைத்துவிடாதீர்கள்.

யாருக்காவது தீப்பட்டால் மாவு, பேனா மை, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுங்கள். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். 108-ஐ அழையுங்கள். மணியைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்போம்.