உறங்குகிறவருக்காக விழித்திருப்பவர்
(அம்பத்தூரில் குணமாக்கும் ஊழிய ஞாயிறன்று மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரை)



ஆபரேஷன் செய்கிற டாக்டரை எல்லோரும் அறிவார்கள். நோயாளியின் தலைமாட்டில் இருக்கிற மயக்க மருந்து டாக்டரை அநேகர் அறியார்கள். மயங்கினவரால் பேச முடியாது. அவருக்காக அவருடைய ரத்த அழுத்தம் பேசுகிறது. அதைக் கேட்பதே இவருடைய வேலை.

1889-ல் நிஜாமின் செலவில் ஐதராபாத்தில் கூடிய குளோரோஃபார்ம் கமிஷன், சுவாசத்தைக் கவனித்தால் போதும் என்று தீர்த்தது. அது தவறு, குளோரோஃபார்ம் இருதயத்தையே திடீரென்று நிறுத்தக்கூடும் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. 1896-ல் இத்தாலியில் ரிவா-ரோச்சி புஜத்தில் கட்டும் காற்றுப் பட்டையை உண்டாக்கினார். 1901-ல் டாக்டர் குஷிங் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று ஆபரேஷன் முடியுமட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அழுத்தம் பார்க்கிறார்கள். இறங்கினால் சலைனும் மருந்தும் கொடுத்து உடனே சரிசெய்கிறார்கள்.

ஆவடிப் பெரியவர் ஒருவருக்கு மறுநாள் ஆபரேஷன். ஜெபித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயரே, பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாகிறது. சொன்னால் தள்ளிப்போடுவார்களே" என்றார். அப்படிப்பட்டவருக்கு மயக்கத்தில் அழுத்தம் ஏறியிறங்கி, மூளைக்கும் இருதயத்துக்கும் மோசம் வரலாம். அவரையே டாக்டரிடம் சொல்ல வைத்தேன். ஆபரேஷன் தள்ளித்தான் போயிற்று. சுகமாய் வீடு திரும்பினார்.

பிரியமானவர்களே, சாப்பிடுகிற மாத்திரையையும் நிறுத்தின மாத்திரையையும் மறைக்காதீர்கள். இனி டாக்டர்களுக்காக ஜெபிக்கையில், தலைமாட்டில் விழித்திருப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பும் காணிக்கை அவருடைய கருவிகளுக்கும் உதவுகிறது. விழித்திருப்பதும் ஊழியமே. ஆமென்.