தலையெழுத்தும் தலைக்குள் இருப்பதும்
(அம்பத்தூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மக்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் வாயில் வருகிற சொல் தலையெழுத்து என்பதாகும். பிள்ளை பரீட்சையில் தவறினால் தலையெழுத்து. பட்டறையில் விரல் போனால் தலையெழுத்து. கை கால் விழுந்தால் தலையெழுத்து. ஆதாரம் கேட்டால், மண்டையோட்டைப் பார், கோணல்மாணலாகக் கோடு இருக்கிறதே, அதுதான் பிரம்மா எழுதியது என்கிறார்கள்.

அது எழுத்தல்ல. மண்டையோடு பல எலும்புகள் சேர்ந்தது. அவை பல்லோடு பல் கோத்துப் பொருந்தியிருக்கிற இணைப்பே அந்தக் கோடு. பிறக்கும்போது குழந்தையின் தலை நெகிழ்ந்து கொடுப்பதற்கும், பிறகு மூளை வளர்வதற்கும் அந்த இணைப்பு உதவுகிறது. ஆட்டு மண்டையிலும் இதே கோடு உண்டு. ஆட்டுக்கும் பிரம்மா எழுதினார் என்றால், அதைப் படிக்கத் தெரிந்தவர் கசாப்புக்காரராகத்தான் இருக்க வேண்டும்!

சரி, ஓட்டின்மேல் எழுத்து இல்லை. ஓட்டுக்குள் இருப்பது என்ன? கறிக்கடையில் ஆட்டு மூளையைப் பார்த்திருப்பீர்கள். மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும். மனித மூளையில் மடிப்பு இன்னும் அதிகம். அந்த மேற்பட்டைக்குத்தான் மூளைப் புறணி என்று பெயர். கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை அடிச் சதுரத் துணி அளவு வரும். அவ்வளவும் தலைக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் கசக்கி மடித்தாற்போல் இருக்கிறது. அந்த மெல்லிய பட்டைக்குள் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன.

இவை குப்பையாகக் கொட்டிக் கிடக்கவில்லை. பெரும்பகுதியில் ஆறு அடுக்காக அமைந்திருக்கின்றன. இந்த ஊர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். சரக்கு வர ஒரு வாசல், செய்த பொருள் போக ஒரு வாசல், உள்ளே ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் போக்குவரத்து இருக்கிறதல்லவா? கண், காது, தோல் அனுப்பும் செய்தி முக்கியமாக 4ஆவது அடுக்கில் வந்து சேருகிறது. தண்டுவடத்துக்கு உத்தரவு 5ஆவது அடுக்கிலிருந்து போகிறது. மேலடுக்குகள் புறணியின் ஒரு பகுதியோடு மற்றொரு பகுதியைப் பேச வைக்கின்றன. எந்தச் சாதிக்காரர் மூளையானாலும் அடுக்கு ஆறுதான். ஆணுக்கும் ஆறு, பெண்ணுக்கும் ஆறு.

இடத்துக்கு இடம் வேலையும் வேறு. பார்வைக்குப் பிடரிப் பக்கம். கேள்விக்குக் காதோரப் பக்கம். 1861இல் பாரிஸ் நகர டாக்டர் புரோகா, பேச்சிழந்து இறந்துபோன ஒருவரின் மூளையைச் சோதித்தபோது, இடதுபக்க முன்பகுதியில் ஓரிடம் கெட்டிருக்கக் கண்டார். கனடாவில் மாண்ட்ரியல் நகர டாக்டர் பென்ஃபீல்ட், நோயாளி விழித்திருக்கும்போதே புறணியில் மெல்லிய மின்சாரம் வைத்துச் சோதித்து, 1937இல் முடிவுகளை வெளியிட்டார். ஓரிடத்தில் தொட்டால் கை அசைந்தது. வேறிடத்தில் தொட்டால் உதடு அசைந்தது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இதெல்லாம் அயல்நாட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 14 வாரம் முதல் 24 வாரம் வரையிலான 5 கருக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைப் படமாக்கி, தாரணி என்ற பெயரால் 2024 டிசம்பரில் உலகத்தார் எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டது. அதில் கூட்டாக இருந்த மருத்துவமனைகளில் ஒன்று, பூந்தமல்லியைத் தாண்டித் தண்டலத்தில் இருக்கும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அந்த வாரங்களில் கருவின் மூளை பெரும்பாலும் வழவழவென்றே இருக்கிறது. நரம்பணுக்கள் உள்ளே பிறந்து மேல் நோக்கி ஊர்ந்து போகின்றன. பிந்தி வந்தவை முந்தி வந்தவற்றைத் தாண்டி மேலடுக்கில் அமர்கின்றன. இந்த வேலை நடக்கும் காலத்தில் தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெடும். அதற்கு வேண்டியது அயோடின் கலந்த உப்பு. ஜாதகப் பரிகாரம் அல்ல.

இதையெல்லாம் நாம் ஏன் சொல்லுகிறோம்? ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது. உடனே பேய் அறைந்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கவும் தாயத்துக் கட்டவும் கிளம்புகிறார்கள். பேய் எதற்காக ஒருபக்கக் கையை மட்டும் அறைய வேண்டும்? மூளையின் இடப்பக்கம் வலக் கையை ஆளுகிறது. வலப்பக்கம் இடக் கையை ஆளுகிறது. எந்தப் பகுதிக்கு இரத்தம் நின்றதோ அந்தப் பகுதியின் வேலை நிற்கிறது.

பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரி 19 லட்சம் நரம்பணுக்கள் அழியும் என்று 2006இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினார். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னே, அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த இரண்டு மணி நேரத்தை எந்தச் சாமியும் திருப்பித் தரப் போவதில்லை.

ஆகவே தோழர்களே, நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். விசாரித்துப் பாருங்கள், படித்தவர்களைக் கேளுங்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாய் கோணிய அன்றைக்கு விசாரணை வேண்டாம். முதலில் 108ஐக் கூப்பிடுங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.