நகரம் சேரியைத் தேடி வருகிறது

தோழர்களே,

கிராமத்தை அறியாமையும் குறுகிய புத்தியும் குடிகொண்ட இடம் என்று அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே சாடினார். நம் மக்களும் நகரத்துக்குப் போவதை விடுதலைக்கு ஒரு வழியாகவே பார்த்தார்கள். "இப்ப நகரமே நம்ம சேரியைத் தேடி வருதே, நல்லதுதானே?" என்று ஒரு மாணவத் தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

மதுரை மாநகராட்சி 2011-இல் சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளோடு பேரூராட்சிகளும் கிராம ஊராட்சிகளும் உள்ளே வந்தன. வார்டு 72 என்பது 100 ஆனது. ஊராட்சி போனதும் அங்கே நூறு நாள் வேலையும் நின்றது. தலைவர் நாற்காலியும் காசோலையில் போடும் கையெழுத்தும் போயின. அந்த நாற்காலி சாதாரணமானதா? அதில் உட்கார்ந்ததற்காக 1997-இல் மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருஷம் தேர்தலையே நடத்தவிடவில்லை.

அடுத்தது நிலம். வைகைப் பாசன நஞ்சை பிளாட் ஆகும்போது நிலக்காரருக்குப் பணம் வருது, புரோக்கருக்குக் கமிஷன் வருது. தலைமுறையாக நாற்று நட்டவளுக்கு என்ன வருது? அரசு நிலம் எடுத்தால், அதை நம்பி மூன்று வருஷம் உழைத்த விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சேர்க்கிறது. தனியார் பிளாட் போட்டால் அந்தச் சட்டம் கூலிக்காரர் பக்கம் திரும்பியே பார்க்காது.

நமக்கென்று இருந்த நிலம் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது. பிறகு விற்றாலும் நம்மவர்களுக்கே விற்க வேண்டும். ஆனால் நிலம் எங்கே? அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். ஏக்கர் கணக்கில் கிடக்கும்போதே மீட்க முடியாத நிலத்தை, சென்ட் கணக்கில் நூறு பேருக்கு விற்ற பிறகு எப்படி மீட்பது? புறநகரில் நமக்குக் காலம் குறைவு.

ஆகவே நகரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் கல்லூரியும் நமக்குத்தான் முதலில் வேணும். ஆனால் வரைபடம் போடுவதற்கு முன்னால் நாம் அதில் இருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவுக்கு மக்களிடம் ஆட்சேபணை கேட்டாக வேண்டும். அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமை மனுப் போட்டு, பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் இன்றைய 'அ' பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சமி நிலம், பட்டா இல்லாத காலனி மனை, சுடுகாடு, அதற்குப் போகும் பாதை எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதுங்கள்.

2024 நவம்பரில், விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் காலி செய்யச் சொன்னபோது, சின்ன உடைப்பு மக்கள் முதலில் மாற்றுக் குடியிருப்பு கொடு என்று உட்கார்ந்தார்கள். புல்டோசர் வந்த பிறகு உட்காருவது கடைசி வழி. அதற்கு முன்னாலேயே உட்கார வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ். இந்தக் கோடை விடுமுறையில் மாணவர்கள் ஆளுக்கு ஒரு சேரியை எடுத்துக்கொள்ளுங்கள்.