அக்ரிலிக் சாவிக்கொத்தும் வீட்டுக் கைத்தொழிலும்

(நெமிலிச்சேரியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கைக்குள் அடங்கும் அளவினது. அக்ரிலிக் தகட்டை இயந்திரத்தால் வெட்டி, சாவிக்கொத்து, அதாவது 'கீ செயின்', செய்யும் தொழிலே அது. நெல்லையும் நீரையும் பற்றிப் பேச வேண்டிய மன்றத்தில் சாவிக்கொத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

நெமிலிச்சேரி பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே அமைந்த ஊர். ஒரு புறம் இருப்புப் பாதை. மறுபுறம் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை. நகரம் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. விளைநிலங்கள் பல மனைகளாகிவிட்டன. எஞ்சிய நிலத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு, அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஓர் உபதொழில் தேவைப்படுகிறது. இந்நிலையில், "வீட்டில் இருந்தபடியே சாவிக்கொத்து செய்து பொருளீட்டலாம், இயந்திரம் வாங்குங்கள்" என்னும் விளம்பரங்கள் நம் வீடுகளுக்குள் நுழைகின்றன. கடன் வாங்கி இயந்திரம் வாங்கலாமா என்று சகோதரிகள் பலர் நம்மைக் கேட்டனர். கடனை வாங்குவது ஒரு நாள் வேலை; அடைப்பதோ பல ஆண்டு வேலை. ஆகவே, கையெழுத்திடுவதற்கு முன் அறிய வேண்டியவற்றை ஒளிவு மறைவின்றிக் கூறுவது கடமை என்று கருதினோம்.

தகட்டின் இயல்பு

அக்ரிலிக் என்பது 1930-களில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் விற்பனைக்கு வந்த பொருள். கண்ணாடியைப் போல ஒளி ஊடுருவும். எடையோ கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதிதான். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் சாளரங்களுக்கு இதனையே பயன்படுத்தினர். இன்று கடைப் பெயர்ப் பலகை முதல் பரிசுக் கேடயம் வரை எங்கும் காண்கிறோம்.

இத்தகட்டில் இரு வகை உண்டு. அச்சில் வார்த்து இறுகச் செய்தது ஒன்று. உருக்கிப் பிதுக்கி இழுத்தது மற்றொன்று. வார்ப்புத் தகட்டில் லேசர் ஒளியால் எழுதினால் எழுத்து வெண்பனி போலத் தெளிவாக விழும். இழுவைத் தகட்டில் எழுத்து உருகி மங்கலாகும். ஆயினும் விலை சற்றுக் குறைவு. பெயர் பொறிக்கும் சாவிக்கொத்துக்கு வார்ப்புத் தகடே ஏற்றது. கடையில் எவ்வகை என்று கேட்டு, ரசீதிலும் எழுதச் செய்து வாங்குவது நலம்.

கத்தி இயந்திரமும் ஒளி இயந்திரமும்

வீட்டுக் கைவினை இயந்திரம் என்ற ஒரே பெயரில் இரு வேறு சாதனங்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, சிறு கத்தி முனையால் வெட்டுவது. காகிதம், அட்டை, ஒட்டும் வினைல் ஆகியவற்றை இது மிக நேர்த்தியாக வெட்டும். ஆனால் சாவிக்கொத்துக்கு வழக்கமாகப் பயன்படும் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை இது ஊடுருவி வெட்டாது. மேற்பரப்பைக் கீறும், அவ்வளவே. நேர்க்கோட்டுக் கீறலை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் தகடு முறியும். பூவும் மீனும் போன்ற வளைவுகள் அவ்வாறு முறியமாட்டா. நேர்க்கோட்டுக் கீறலுக்கோ சில ரூபாய்க் கீறு கத்தியும் இரும்பு அளவுகோலுமே போதும்.

இரண்டாவது, லேசர் ஒளியால் வெட்டுவது. இதிலும் வேற்றுமை உண்டு. விலை குறைந்த சிறு இயந்திரங்களில் நீல ஒளி வருகிறது. அவ்வொளி நிறமற்ற அக்ரிலிக்கை வெட்டாமல், சாளரத்தில் வெயில் புகுவது போல ஊடுருவிச் சென்றுவிடும். கறுப்பு போன்ற அடர் நிறத் தகடுகளை மட்டும் மெல்ல வெட்டும். நிறமற்ற தகட்டை வெட்டுவதற்குக் கரியமில வாயுக் குழாய் கொண்ட லேசர் இயந்திரமே வேண்டும். அவ்வகையில் 40 வாட் திறனுடையது 3 மில்லிமீட்டர் தகட்டை ஒரே ஓட்டத்தில் வெட்டும். விளிம்பும் மெருகிட்டது போல மின்னும்.

நாமும் முதலில் கத்தி இயந்திரத்தைத்தான் விளம்பரத்தை நம்பி வாங்கினோம். ஒரு வாரம் முழுதும் தகட்டைக் கீறிக் கீறி முனை மழுங்கியதுதான் மிச்சம். பின்னர் அதன் உண்மையான பயனைக் கண்டோம். அக்ரிலிக் வில்லைகளைக் கூலிக்கு வெட்டித் தரும் லேசர்ப் பட்டறைகள் சென்னையில் உள்ளன. வில்லைகளை அங்கே வெட்டி வாங்கி, வினைலில் பெயரையும் சித்திரத்தையும் வீட்டிலேயே கத்தி இயந்திரத்தால் வெட்டி ஒட்டினோம். தொழிலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு இவ்வழியே குறைந்த முதலும் குறைந்த அச்சமும் உடையது.

துளையிலும் துடைப்பதிலும் கவனம்

வளையம் மாட்டும் துளை சாவிக்கொத்தின் உயிர்நிலை. அத்துளையை விளிம்புக்கு மிக அருகில் இட்டால் சில நாளில் உடைந்துவிடும். 3 மில்லிமீட்டர் துளையானால், அதனைச் சுற்றிலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் தகடு நிற்க வேண்டும். துளைக் கருவியால் இடும்போது கீழே மரப்பலகை வைத்து, மெதுவாகச் சுழற்றி, அழுத்தாமல் இறக்குக. விரைந்தால் தகடு உருகிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தினால் விரியும்.

மற்றொன்று, லேசரால் வெட்டிய விளிம்பை ஸ்பிரிட் கொண்டு துடைக்கலாகாது. நாம் அறியாமல் அவ்வாறு துடைத்து, ஒரு தட்டு நிறைய இருந்த வில்லைகளின் விளிம்பெல்லாம் மயிரிழை போன்ற விரிசல் ஓடக் கண்டோம். சோப்பு கலந்த நீரும் மெல்லிய துணியுமே போதும்.

கணக்கு பார்த்தல்

நடவில் இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தகட்டிலும் அதே கணக்குதான். ஒரு சதுர அடித் தகட்டில், அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 5 சென்டிமீட்டர் சதுர வில்லைகளை அடுக்கினால் வரிசைக்கு 5 வீதம் 25 கிடைக்கும். வில்லையை 4.5 சென்டிமீட்டராகக் குறைத்தால் வரிசைக்கு 6 வீதம் 36 கிடைக்கும். சதுர அடி 90 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முன்னதில் வில்லை ஒன்றுக்குத் தகட்டுச் செலவு 3 ரூபாய் 60 காசு. பின்னதில் 2 ரூபாய் 50 காசு. எட்டடிக்கு நான்கடித் தகட்டின் பரப்பு 32 சதுர அடி. இக்கணக்கில் 800 வில்லைக்கும் 1,152 வில்லைக்கும் உள்ள வேறுபாடு அந்த அரை சென்டிமீட்டரில் அடங்கியிருக்கிறது.

இனி இயந்திரக் கணக்கு. இயந்திரத்தின் விலை 1,20,000 ரூபாய் என்றும், தகடு, வளையம், மின்சாரம், போக்குவரத்து எல்லாம் போகச் சாவிக்கொத்து ஒன்றுக்கு 10 ரூபாய் மிஞ்சும் என்றும் உதாரணமாகக் கொள்வோம். முதலை மீட்கவே 12,000 சாவிக்கொத்துகள் விற்றாக வேண்டும். நாளுக்கு 40 வீதம் 300 நாள் விற்றால்தான் அது நடக்கும். வட்டியும் நம் உழைப்புக் கூலியும் இதில் சேரவில்லை. லேசர்க் குழாயும் கண்ணாடியால் ஆனது, நாளடைவில் வலிமை குன்றும், மாற்ற வேண்டிவரும். அதற்கும் மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஆகவே, "எத்தனை செய்ய முடியும்?" என்று கேட்பதற்கு முன், "நாளுக்கு 40 வாங்குவோர் எங்கே இருக்கின்றனர்?" என்று கேட்பதே அறிவுடைமை.

நம் அண்டையூராகிய திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரை நீங்கள் அறிவீர்கள். கல்லும் பொருளும் கிட்டாத நிலையில் அவர் மனத்திலேயே கோயில் எழுப்பினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அவர் செய்தது பக்தி. நாம் செய்வது வியாபாரம். ஆயினும் ஒரு பாடம் நமக்கும் உண்டு. அடித்தளம் முதல் சிகரம் வரை மனத்தில் கட்டிப் பார்த்த பின்பே பணத்தில் கை வைக்க வேண்டும்.

பாதுகாப்பு

அக்ரிலிக் எளிதில் தீப்பற்றும் பொருள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுப்பைப் பார்க்கவோ மாட்டைக் கட்டவோ எழுந்து செல்லலாகாது. தீயணைப்புக் கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெட்டும்போது எழும் புகை கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். அதனைக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே, பிறர் வாசல் நோக்காத திசையில் செலுத்த வேண்டும். லேசர் ஒளி கண்பார்வையைப் பறிக்க வல்லது. மூடியைத் திறந்து வைத்து ஓட்டலாகாது. சிறுவர்களை அண்ட விடலாகாது. குழாயைக் குளிர்விக்கும் நீர் சித்திரை வைகாசியில் விரைவில் சூடேறும். அம்மாதங்களில் காலை வேளையில் வெட்டுவதே குழாய்க்கு நல்லது.

பி.வி.சி. தகட்டை ஒருபோதும் லேசரில் இடாதீர்கள். அதிலிருந்து எழும் அமில வாயு நுரையீரலைக் கெடுக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும். வெட்டி எஞ்சிய துண்டுகளைச் சருகோடு சேர்த்து எரிப்பதும் தவறு. வரப்பில் எறிவதும் தவறு. தனியே சேர்த்துப் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

பாபல் கிராமத்தின் படிப்பினை

மகாராஷ்டிரத்தில் புணேக்கு அருகே பாபல் என்றொரு கிராமம் உண்டு. அங்கே டாக்டர் கல்பாக் என்னும் விஞ்ஞானி 1983-இல் விஞ்ஞான ஆசிரமம் என்ற கல்வி நிலையத்தை நிறுவினார். கையால் செய்து கற்பதே அதன் முறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வகுத்த 'பேப் லேப்' என்னும் பொதுப் பட்டறை, அந்நாட்டுக்கு வெளியே முதன்முதலாக 2002-இல் இக்கிராமத்தில்தான் அமைந்தது. கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரங்கள் ஊருக்குப் பொதுவாக இருந்தால், ஒருவர் வாங்க இயலாததைப் பலர் பயன்படுத்த இயலும். பழுது நீக்கும் திறமையும் ஊரிலேயே வளரும். அப்பட்டறையிலிருந்து நாம் கொள்ளும் படிப்பினை இதுவே.

ஊராட்சி செய்யத்தக்கது

ஆகவே நம் வேண்டுகோள் இது. பத்து வீட்டில் பத்துக் கடன் என்பதை விட, ஊருக்கு ஓர் இயந்திரம் என்பதே மேல். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் இதனை விவாதியுங்கள். பூட்டத்தக்க, காற்றோட்டமுள்ள ஓர் அறையும், தனி மின் இணைப்பும், பொறுப்பான ஒருவரும் இருந்தால் தொடங்கலாம். எந்த மானியம், எந்தக் கடன் நடைமுறையில் உள்ளது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிந்த பின் கையெழுத்திடுங்கள்.

அந்த இயந்திரம் சாவிக்கொத்தோடு நிற்க வேண்டியதில்லை. வீட்டு எண் பலகை, பள்ளிப் பரிசு, மோட்டார் அறைக்குப் பெயர்ச் சீட்டு, திருமணத் தாம்பூலப் பையில் இடும் நினைவுப் பொருள் ஆகியனவும் செய்யலாம். சித்திரங்களில் பிறருக்கு உரிமையுள்ள பொம்மைகளையும் வணிகச் சின்னங்களையும் நகலெடுக்காதீர்கள். நம் ஏரி, நம் கோபுரம், நம் நெற்கதிர், குழந்தையின் பெயர் ஆகியன போதும்.

முதல் மூன்று மாதம் வில்லைகளைக் கூலிக்கு வெட்டி வாங்கி விற்றுப் பாருங்கள். வரவையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு "வாங்கு" என்று சொன்னால் இயந்திரம் வாங்குங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் நோட்டின் விலையோடு தப்பினோம் என்று மகிழுங்கள். விதை நெல்லைச் சோதித்து விதைக்கும் குடியினருக்கு இது புதிதன்று.