சட்டத்தின் இரு கயிறுகள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சட்டம் பாராளுமன்றத்தில் பிறக்கிறது என்று மிஷன் பள்ளிக்கூடத்திலே குடியியற் பாடத்தில் படித்தேன். அது பிறப்பது அங்கேதான். கருக்கொள்வதோ பல வேளைகளில் வேறோர் இடத்தில் என்பதைப் பல்கலைக்கழகம் சென்ற பின்னரே அறிந்தேன். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது கடலே சான்று.

2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு ‘மஞ்சள் அட்டை’ காட்டி எச்சரித்தது. சர்வதேசக் கடற்பரப்பில் சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கப் போதிய சட்டமும் கண்காணிப்பும் நம்மிடம் இல்லை என்பது அதன் குற்றச்சாட்டு. 2015 ஜனவரி முதல் நமது மீனுக்கு அந்நாட்டுச் சந்தைகள் மூடப்பட்டன. இதற்கிடையே, 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் 2013 இலும் 2015 இலும் திருத்தப்பட்டது. தண்டப்பணம் உயர்ந்தது; தூரக்கடல் செல்லும் படகுகளில், இருப்பிடம் காட்டும் செய்மதிக் கருவி ஏறியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. கையுயர்த்தி வாக்களித்தவர்கள் நமது பிரதிநிதிகளே. ஆனால் அவர்களை விரைவுபடுத்திய குரல் பிரசெல்ஸ் நகரிலிருந்து வந்தது.

“அந்நியர் சொல்லி நாம் சட்டம் செய்வதா?” எனச் சிலர் கொதிக்கக்கூடும். சற்றுப் பொறுங்கள். 1931 இல் இந்நாட்டு ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதைச் சிபாரிசு செய்தது இங்கிலாந்திலிருந்து வந்த டொனமூர் ஆணைக்குழு. எதிர்த்தவர்களுள் நாம் போற்றும் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர்! ஆகவே, வெளியிலிருந்து வந்தது என்பதனால் ஒன்று தீதாகிவிடாது. உள்ளிருந்து எழுந்தது என்பதனால் நன்றாகிவிடாது.

எனினும், வெளியார் தூண்டுதல் மட்டும் போதுமா? 1987 ஜூலையில் இந்திய – இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானது. அவ்வாண்டு நவம்பரிலேயே பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறி, மாகாண சபைகள் தோன்றின. நமது வடமேல் மாகாண சபைக்கு 2013 இல் தேர்தல் நடந்தது. அதன் காலம் 2018 இல் முடிந்தது. அடுத்த தேர்தலோ ஆண்டுக்கணக்கிற் பின்போடப்பட்டது. வெளியார் நட்ட மரத்துக்கு உள்ளூரார் நீர் வார்க்கவில்லையென்றால் இந்தக் கதிதான்.

உடப்பிலே கரைவலை இழுப்பதைப் பாராதவர் இச்சபையில் இரார். இரு கயிற்றையும் இரு பக்கத்தாரும் ஒத்து இழுத்தாலன்றோ மடி நேராகக் கரைசேரும்? ஒரு பக்கத்தார் அம்பா பாடி இழுக்க, மறுபக்கத்தார் மணலில் உட்கார்ந்திருந்தால் வலை கோணும், மீன் போய்விடும். சட்டமும் அப்படியே. வெளிக்கயிற்றை உலகம் இழுக்கிறது. உட்கயிறு நமது கையில் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

அதை இழுத்துக் காட்டியவர்கள் உண்டு. கடலடியைச் சுரண்டும் இழுவைமடித் தொழிலுக்கு எதிராக வடபகுதிக் கடற்றொழிலாளர் பல்லாண்டு குரல் எழுப்பினர். பாராளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். 2017 ஜூலையில் அது நிறைவேறி, அத்தொழில் தடைசெய்யப்பட்டது. வாடியிலே பேசிய பேச்சு சபை வரை சென்றது!

தோழர்களே, ஒன்றை மறவாதீர்கள். சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாகும். அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின், குறித்த நாட்களுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் அதனை ஆட்சேபிக்கலாம். சபாநாயகர் சான்றுரை வழங்கிவிட்டாலோ, அச்சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. நாணய நிதியத்தாரும் அயல்நாட்டாரும் சட்டம் எழுதப்படுமுன்பே வருகிறார்கள். நாமோ எல்லாம் முடிந்தபின் திண்ணையிலிருந்து குறைகூறுகிறோம்.

எனவே, என் வேண்டுகோள் சிறியது. நமது வாசிகசாலை மேசையில் சட்டமூலங்களின் தமிழ்ப் பிரதிகளும் இடம்பெறட்டும். மாதத்தில் ஒரு மாலை அவற்றைப் படிப்போம். சம்மாட்டிமாரும் பெரியோரும் அனுபவம் சொல்லட்டும். இளைஞர் நாம் அதனை எழுதி உரியவர்களுக்கு அனுப்புவோம். உட்கயிற்றில் நமது கையும் விழட்டும்!